என் மண்டை, என் இஷ்டம் என்பதில் என்ன தப்பு?

கேட்டவர்: முக்கூடல் இலைக்காரர்

ஹெல்மெட் போடுங்கள் என்ற அறிவுரை வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாதத்துக்கு எதிர்வாதம் யாரிடமாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு வயது 52. ஆற்றங்கரையில் வாழை போட்டிருக்கிறேன். விடியுமுன்னே இலை அறுத்துக் கட்டி, எக்ஸ்எல் வண்டியில் முன்னால் இரண்டு கட்டு, பின்னால் மூன்று கட்டு ஏற்றி, பஸ் ஸ்டாண்டு ஓட்டல்களுக்குப் போட்டுவிட்டு வருவது இருபது வருஷப் பழக்கம். பாரம் ஏற்றிய எக்ஸ்எல் என்ன வேகம் போகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பையன் சைக்கிளில் முந்திப் போவான்.

போன செவ்வாய்க்கிழமை இலையைப் போட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினேன். எங்கள் தெரு முக்கு கண்ணுக்குத் தெரிகிறது. புளியமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து கையைக் காட்டினார். என் தலையில் துண்டுதான் இருந்தது. ஆயிரம் ரூபாய் அபராதம். ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது, இலைக்கு விலையே இல்லை. அன்றைக்கு விற்ற காசு அதில் பாதிகூட வராது.

பணம் போனதுகூடப் பெரிசில்லை. என் மகன் வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் பெரியவரே" என்றார். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. என் நல்லது எது என்று 52 வயதில் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். அந்தக் கட்டில் புற்றுநோய்ப் படத்தைப் போட்டுவிட்டு, குடிப்பதும் குடிக்காததும் உன் பாடு என்று அரசாங்கம் ஒதுங்கிக்கொள்கிறது. டாஸ்மாக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. பாட்டிலில் மது கேடு என்று எழுதி, அதைக் காசுக்கும் விற்கிறது. அதே மாதிரி என் வண்டியிலும் ஒரு மண்டையோட்டுப் படத்தை ஒட்டிவிட்டு என்னை விட்டுவிட வேண்டியதுதானே? குடித்துவிட்டு ஓட்டினால் பிடியுங்கள். ராங் சைடில் வந்தால் பிடியுங்கள். அது அடுத்தவன் உயிர். நான் வெறுந்தலையோடு போனால் எதிரே வருகிறவனுக்கு என்ன நஷ்டம்?

வீட்டில் ஹெல்மெட் இருக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்தது. போட்டால் இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் நெரிக்கிறது, பத்து நிமிஷத்தில் தலைவலி. இப்போது அதை எடுக்க முடியாதபடி வேறொரு சிக்கலும் இருக்கிறது. அது இங்கே வேண்டாம்.

பணகுடி காற்றாலைப் பையன்

அண்ணாச்சி, நான் உங்க கட்சி.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று ஒரு பாடு படுத்தும். காற்றாலை சும்மாவா இத்தனை நட்டு வைத்திருக்கிறான்? நாலுவழிச்சாலையில் ஒரு லாரியைத் தாண்டினதும் பக்கவாட்டில் ஒரு அறை விழும் பாருங்கள், ஹெல்மெட்டோடு கழுத்தும் சேர்ந்து திரும்பும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தவன் இந்தச் சட்டத்தை எழுதியிருக்க மாட்டான்.

அப்புறம், எங்கள் ஊர் உள்ரோட்டில் ஒரு குழி இருக்கிறது. போன ஐப்பசி மழையில் விழுந்தது, இந்த ஆடி வரைக்கும் அப்படியே கிடக்கிறது. அந்தக் குழிக்கு யாரிடம் போய் ரசீது போடுவது?

எழுதும்போதே ஒன்று இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காற்றாலையில் பராமரிப்பு வேலை. கேட்டுக்குள் நுழையும்போதே தலையில் ஹெல்மெட், மேலே ஏறும்போது இடுப்பில் பெல்ட். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட "என் மண்டை" என்று அங்கே நான் பேசியதில்லை. ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். சம்பளம் கொடுக்கிறவன் சொன்னால் கசக்க மாட்டேங்குது போல.

பாளை கோர்ட் குமாஸ்தா

வாதத்துக்கு எதிர்வாதம்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள்.

உங்கள் வழக்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது அண்ணாச்சி. ஆந்திராவில் ஹெல்மெட் விதி வந்தபோது அஜய் கானு என்பவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். நாட்டில் எங்கும் தடையில்லாமல் நடமாடும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறதே, ஹெல்மெட் போட்டால்தான் வண்டி ஓட்டலாம் என்பது அதைத் தடுக்கவில்லையா என்பது கேள்வி. 1988-ல் தீர்ப்பு வந்தது. தடுக்கவில்லை, ஓட்டுகிறவரின் பாதுகாப்புக்கான விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-வது பிரிவாகவும் ஹெல்மெட் உட்கார்ந்துகொண்டது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. உங்கள் துண்டு அந்தக் கணக்கில் சேராது.

ஆனால் அந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வார்த்தை இருக்கிறது: பொது இடம். பொது இடத்தில் ஓட்டும்போதுதான் ஹெல்மெட் கட்டாயம். உங்கள் தோப்புக்குள் வெறுந்தலையோடு நாள் முழுக்க ஓட்டுங்கள், யாரும் ரசீது போட முடியாது. நீங்கள் சொன்ன பீடிக்கும் இதே கதைதான். வீட்டில் குடித்தால் கேட்பாரில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பற்றவைத்தால் 2008 அக்டோபர் 2-லிருந்து அதற்கும் அபராதம் உண்டு. ஆகப் பீடிக்காரனை விட்டுவிட்டு உங்களை மட்டும் பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

அபராதம் முன்பு நூறு ரூபாய். 2019 திருத்தத்தில் 194-டி என்று புதிதாக ஒரு பிரிவு சேர்த்து ஆயிரம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கவும் அதில் இடமுண்டு. ரசீதோடு போனது நல்லதாகப் போயிற்று.

உங்களைவிட வீம்பான ஆள் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பிரெட் ஹில் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துத் தபாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவர். அங்கே 1973-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதும், போட மாட்டேன் என்று வேண்டுமென்றே வெறுந்தலையோடு ஓட்டினார், அபராதம் கட்டவும் மறுத்தார். திரும்பத் திரும்பச் சிறைக்குப் போய், 1984-ல் சிறையிலேயே இறந்தார். அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்று முதலில் கணக்கெடுத்துச் சொன்னதே அவரைப் போன்ற தபால் வீரர்களை வைத்துத்தான். 1935-ல் டி. இ. லாரன்ஸ் என்ற ராணுவக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவரும் ஒருவர். அதன்பிறகு அவர் ராணுவத் தபால்காரர்களின் தலைக்காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1941-ல் எழுதினார். பட்டாளம் உடனே கேட்டுக்கொண்டது. ஊர் மக்களுக்குச் சட்டம் வர இன்னும் 32 வருஷம் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. "என் மண்டை" என்கிறீர்கள். 2022-ல் நம் நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

வண்ணாரப்பேட்டை ஹெல்மெட் கடை

நெற்றிப்பொட்டில் நெரிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சுதந்திரம் எல்லாம் எனக்கு ஓடாது.

2007 ஜூனில் ஒருமுறை கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிட்டது. 2015-ல் ஹைகோர்ட் சொல்லி, ஜூலை 1 முதல் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று வந்தது பாருங்கள், அந்த ஜூன் கடைசி வாரம் என் கடை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. நான் அன்றைக்கு விற்றது மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இருக்கறதுலயே விலை குறைஞ்சது எது?" என் தலைக்கு எது சரியாக இருக்கும் என்று ஒருத்தர் கேட்டதாக ஞாபகம் இல்லை. ரோட்டோரத்தில் பாயை விரித்து வெறும் பிளாஸ்டிக் சட்டியைக் குவித்து விற்றார்கள், அதுவும் போயிற்று. 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினது இன்னும் வருகிறது, பார்த்து வாங்க வேண்டும்.

ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். 580 அல்லது 600 என்று ஒரு எண் இருக்கும். அது உங்கள் தலைச்சுற்று, மில்லிமீட்டரில். வீட்டில் தையல் டேப் இருந்தால் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, பின்மண்டை புடைப்போடு சேர்த்துச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சின்ன சைஸ் போட்டால் தலைவலி வரும். பெரிசு போட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் கீழே போய்விடும். வாரை மாட்டாமல் போடுவதும் அதே மாதிரிதான், போலீசுக்குக் காட்டலாம், ரோட்டுக்குக் காட்ட முடியாது.

மேலே இருக்கிற ஓடு மட்டும் போதாது. உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் சரக்கு. அடி விழுந்தால் அது நசுங்கும். அது நசுங்குகிற நேரத்தில்தான் உங்கள் மண்டை மெதுவாக நிற்கும். ஒருமுறை நசுங்கினால் திரும்ப உப்பாது, அதனால் பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டைக் கழித்துவிட வேண்டும். இதைப் போட்டால் சாகவே மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள், சாவு 42 சதவீதம் குறைகிறது, தலைக்காயம் 69 சதவீதம் குறைகிறது என்று. முழு நூறு கிடையாது. என் கடையில் இருப்பது அவ்வளவுதான்.

சேரன்மகாதேவி அக்கா

தம்பி, நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். "உங்க நல்லதுக்குத்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். அதில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

என் கூடப்பிறந்த தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவன் சாகவில்லை. அதனால் குமாஸ்தா தம்பி எழுதிய கணக்கில் அவன் வர மாட்டான்.

2011 வைகாசி. பிசான நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டு, பிடுங்கி, ரோட்டில் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். நம்ம பக்கம் எல்லோரும் பார்த்ததுதானே. இவன் வேகமாக வரவில்லை, குடித்திருக்கவில்லை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. காய்ந்த செடிக்கு அடியில் மணி உருண்டு கிடக்கும், அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் கேட்காது. ஒருச்சாய்ந்து விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றி ரோட்டில் பட்டுக் கொஞ்சம் வீக்கம். எழுந்து உட்கார்ந்து, உளுந்துக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, "ரோடு உங்க அப்பன் வீட்டுக் களமாவே?" என்று அவரை ஏசவும் செய்தானாம். அரை மணி நேரம் கழித்துத்தான் வாந்தி எடுத்தான்.

11 நாள் நினைவில்லை. அப்புறம் கண்ணைத் திறந்தான். தையல் பிரித்து, நடக்க வைத்து அனுப்பினார்கள். சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தோம், ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டோம்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அடுப்பில் பாலை வைத்து, "பார்த்துக்கோலே" என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். தீய்ந்த வாடை அங்கே வரைக்கும் வருகிறது. ஓடி வந்து பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, சட்டி அடி கறுத்து, அடுக்களை முழுக்கப் புகை. இவன் அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருக்கிறான். கையில் தீப்பெட்டி, அதில் இருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "வாடை வரலியாலே?" என்றேன். "என்ன வாடை?" என்று கேட்டான்.

டாக்டர் அப்புறம் விளக்கினார். மூக்குக்கு மேலே எலும்பில் சல்லடை மாதிரிப் பொத்தல்கள் உண்டாம். மோப்ப நரம்பு நூல் நூலாக அதன் வழியேதான் வருமாம். நெற்றியில் அடிபட்டு மூளை குலுங்கும்போது அந்த நூல் அறுந்துவிடுமாம். சரி, மோப்பம் போனால் போகட்டும். புகை அவன் கண்ணுக்குத் தெரியத்தானே செய்தது? எழுந்து அடுப்பை அணைப்போம் என்று தோன்றவில்லை. அது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை செய்கிற வேலையாம்.

டெம்போ ஓட்டினவன் தம்பி. சீட்டுப் பிடித்தவன். ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேசுவான், வேண்டாம் என்று எல்லோரும் சொன்னால் அதைத்தான் செய்வான். இப்போது தோசையா இட்லியா என்றால் "நீ சொல்லு" என்பான். எந்தச் சட்டை என்றால் "நீ சொல்லு". 'என் இஷ்டம்' என்கிற வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு இத்தனை வருஷம் ஆகிறது. இஷ்டம் இருந்த இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது. அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றுகிறாள், அதில் ஓடுகிறது வீடு. நூல் கட்டு உருண்டு போனால் எடுத்துத் தருவான். அவள் சொன்னால்தான் எடுப்பான்.

அந்த நாளில் அபராதம் நூறு ரூபாய்தான். வழியில் யாராவது அவனை நிறுத்தி அந்த நூறை வாங்கியிருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசியிருப்பான். ஏசியிருக்கட்டுமே.

சட்டம் சரியா என்று எனக்கு வாதாடத் தெரியாது. உங்கள் வீட்டம்மாவைப் பின்னால் வைத்துக் கூட்டிப்போவீர்கள்தானே, அப்போது அவள் மண்டை யார் இஷ்டம்? அதை அவளிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

முக்கூடல் இலைக்காரர்

அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். பால்சட்டி இடத்தில் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம் கேட்கச் சொன்னீர்களே என்று கேட்டேன். "இருபத்தாறு வருஷமா உங்க பின்னால ஒருச்சாய்ச்சு உக்காந்துட்டு, விழுந்தா எந்தப் பக்கம் விழணும்னு யோசிச்சிட்டேதான் வாரேன்" என்றாள். இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னாளாம், நான் கேட்கவில்லையாம்.

குமாஸ்தா தம்பிக்கு: தோப்புக்குள் ஓட்டலாம் என்றீர்கள். அங்கே இருப்பது வாய்க்கால் வரப்பு, எக்ஸ்எல் போகாது. பிரெட் ஹில் கதை பிடித்திருந்தது. பீடி வாதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், டாஸ்மாக் வாதத்தை நான் விடுவதாக இல்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடித்தால் ஆட்கள் மரம் வரைக்கும்தான் ஹெல்மெட் போடுவார்கள், எங்கள் ஊரில் அதுதான் நடக்கிறது. அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கவும் செய்யும்.

கடைக்காரருக்கு: அளந்தேன், 60 சென்டிமீட்டர் வருகிறது, அதாவது 600. ஹெல்மெட்டில் இருப்பது 580. மகன் கடையில் அவன் தலையில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறான். இப்போது அந்த வேறொரு சிக்கலைச் சொல்கிறேன். அதைத் தொழுவத்தில் மல்லாத்தி வைத்திருந்தேன். நாட்டுக்கோழி ஒன்று உள்ளே முட்டையிட்டு, ஆறு முட்டையோடு அடை உட்கார்ந்து 12 நாள் ஆகிறது. பொரித்து இறங்கினதும் கழுவிப் போட்டால் ஆகுமா? மகனிடம் இதைச் சொல்லவில்லை.

வண்ணாரப்பேட்டை ஹெல்மெட் கடை

கோழியை எழுப்பாதீர்கள் அண்ணாச்சி, அது சரியான சைஸ் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. கழுவிப் போட்டாலும் உங்களுக்கு நெரிக்கத்தான் செய்யும். புதுசு வாங்குங்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொண்டையைக் கொஞ்சம் கழுத்துப் பக்கம் இறக்கிப் போட்டால் போதும், ஹெல்மெட் சரியாக உட்காரும். பூவை வண்டியை விட்டு இறங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம். அளக்கும்போது தலையில் துண்டு இருந்ததா?

முக்கூடல் இலைக்காரர்

இருந்தது. கழற்றிவிட்டு அளந்தால் 59. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?